விலையில்லாப் பொருளுக்கும் நிபந்தனை உண்டு



பள்ளிவாசல் ஹவ்ளில் ஒளுச் செய்ய யாரும் காசு கொடுப்பதில்லை. உள்ளூர்க்காரரும் வழிப்போக்கரும் செல்வரும் வறியவரும் அதில் சமம். ஆனால் அதே ஹவ்ளிலிருந்து ஒருவர் குழாய் போட்டுத் தம் தோட்டத்திற்கு நீர் பாய்ச்சிக்கொள்ள முற்பட்டால் ஜமாஅத்தார் பார்த்துக்கொண்டிருப்பார்களா? "இலவசமாய்த்தானே கொடுத்தீர்கள்?" என்று அவர் கேட்கக்கூடும். "ஒளுச் செய்யக் கொடுத்தோம், தோட்டத்திற்குப் பாய்ச்சக் கொடுக்கவில்லை" என்பதே மறுமொழியாக இருக்கும். விலை வாங்காமல் கொடுத்த ஒன்றுக்கும் கொடுத்தவர் நிபந்தனை விதிக்கலாம் என்பதும், அந்த நிபந்தனையை மீறுவது பிறர் உரிமையில் கைவைப்பதாகும் என்பதும் நம் சமுதாயத்தின் சாமானியருக்கும் தெரிந்த செய்திகள்.

கணினி உலகிலோ இந்த எளிய உண்மையை நிலைநாட்டுவதற்காக ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் பிரான்சிலும் 20 ஆண்டுகளுக்கும் மேலாக வழக்குகள் நடந்து வருகின்றன. அந்த வழக்குகளின் வரலாற்றைத் தெரிந்துகொள்வது நமக்கு எதற்கு என்று நீங்கள் எண்ணலாம். இன்று நம் பிள்ளைகளில் எத்தனையோ பேர் சென்னையிலும் பெங்களூரிலும் துபையிலும் மென்பொருள் நிறுவனங்களில் பணியாற்றுகிறார்கள். அவர்களுடைய ஊதியம்தான் பல வீடுகளில் அடுப்பெரியக் காரணமாயிருக்கிறது. அந்த ஊதியத்தில் பிறர் ஹக்கு கலந்துவிடக் கூடாதே என்ற கவலை பெற்றோருக்கு இருக்க வேண்டாமா?

சமையலும் சமையற் குறிப்பும்

முதலில் மென்பொருள் என்பது என்னவென்று சற்றுப் பார்ப்போம். பண்டாரி ஒருவர் நெய்ச்சோறு ஆக்கிச் சஹனில் வைத்துத் தருகிறார். நீங்கள் உண்ணலாம், ருசிக்கலாம். ஆனால் எத்தனை படி அரிசிக்கு எவ்வளவு நெய், பட்டை, கிராம்பு எந்த அளவு என்பது சஹனைப் பார்த்தால் தெரியாது. அந்த அளவுகளை எழுதிய குறிப்பு கையிலிருந்தால் மட்டுமே நீங்களும் ஆக்கலாம்; உப்பைக் குறைக்கலாம்; நோயாளிக்கு ஏற்றவாறு நெய்யைக் குறைக்கலாம்.

மென்பொருளும் அப்படித்தான். நிரலாளர் எழுதுகிற, மனிதர் படித்துப் புரிந்துகொள்ளத்தக்க வரிகளுக்கு மூலநிரல் என்று பெயர். அதைக் கணினிக்கு மட்டும் புரியும் இலக்கங்களாக மாற்றித்தான் பெரும்பாலான நிறுவனங்கள் விற்கின்றன. வாங்குபவர் பயன்படுத்தலாமேயன்றி உள்ளே என்ன இருக்கிறதென்று பார்க்க முடியாது. பழுதிருந்தால் திருத்தவும் முடியாது.

அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகச் செயற்கை நுண்ணறிவு ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பவர் இந்த நிலையை எதிர்த்தார். ஜெராக்ஸ் நிறுவனம் அந்த ஆய்வுக்கூடத்திற்கு ஓர் அச்சுப்பொறியை அளித்திருந்தது. அதில் தாள் அடிக்கடி சிக்கிக்கொண்டது. மூலநிரல் கிடைத்தால் சிக்கலைச் சமாளித்துவிடலாமென்று எண்ணிய அவர், அதை வைத்திருந்த வேறொரு பல்கலைக்கழக அறிஞரிடம் கேட்டார். யாருக்கும் தருவதில்லை என்று நிறுவனத்திடம் வாக்குக் கொடுத்துவிட்டதாகக் கூறி அவர் மறுத்துவிட்டார். ஸ்டால்மன் 1983இல் 'க்னூ' என்னும் திட்டத்தை அறிவித்தார். 1985இல் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையை நிறுவினார். 1989இல் 'ஜெனரல் பப்ளிக் லைசென்ஸ்' என்னும் பொது உரிமத்தின் முதற்பதிப்பு வெளிவந்தது. சுருக்கமாக இதை ஜி.பி.எல். என்பர். இதன் இரண்டாம் பதிப்பு 1991இலும் மூன்றாம் பதிப்பு 2007இலும் வெளியாயின.

1991இல் பின்லாந்தின் ஹெல்சின்கி பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ், 'லினக்ஸ்' என்னும் கருநிரலை எழுதினார். அடுத்த ஆண்டே அதை ஜி.பி.எல். உரிமத்தின்கீழ்க் கொண்டுவந்தார். இன்று உங்கள் கையிலிருக்கும் ஆண்ட்ராய்டு கைப்பேசியின் அடித்தளம் அந்த லினக்ஸ்தான். வீட்டில் இணைய இணைப்புத் தரும் ரவுட்டரிலும், சுவரில் மாட்டிய நவீனத் தொலைக்காட்சியிலும் பெரும்பாலும் அதுவே இருக்கிறது. ஆக, இந்த உரிமத்தின்கீழ் வந்த பொருள் நம் வீட்டுக்குள்ளேயே குடியிருக்கிறது.

நிபந்தனைகள் யாவை?

ஜி.பி.எல். தரும் அனுமதி மிக விரிவானது. மென்பொருளை எந்த நோக்கத்திற்கும் இயக்கலாம். அதன் மூலநிரலைப் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்குப் படியெடுத்துக் கொடுக்கலாம். விலைக்கு விற்கவும் தடையில்லை. இங்கே பேசப்படுவது சுதந்திரமே தவிர, இலவசம் அன்று.

இதற்குப் பகரமாக அது கேட்பவை சிலவே. முதலில் எழுதியவரின் பதிப்புரிமை அறிவிப்பை அழிக்கக் கூடாது. உரிமத்தின் படியையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். இயங்கும் நிரலை யாருக்குக் கொடுக்கிறோமோ அவருக்கு மூலநிரலையும் தர வேண்டும். அல்லது கேட்டால் தருவதாக எழுதிக் கொடுக்க வேண்டும். திருத்திய மென்பொருளை வெளியிடுவதானால் அதையும் இதே உரிமத்தின்கீழ் வெளியிட வேண்டும். தாம் பெற்ற சுதந்திரத்தை அடுத்தவருக்கு மறுக்கும் புதிய கட்டுப்பாடு எதையும் சேர்க்கக் கூடாது.

இக்கடமைகள் பிறருக்கு வழங்கும்போதுதான் எழுகின்றன என்பதைக் கவனியுங்கள். வீட்டில் தாமே பயன்படுத்துபவருக்கு இவற்றால் ஒரு சுமையும் இல்லை.

எம்.ஐ.டி., பி.எஸ்.டி., அப்பாச்சி போன்ற வேறு உரிமங்களும் உண்டு. இவை இன்னும் தாராளமானவை. எடுத்துத் திருத்தி மூலநிரலை மறைத்து விற்கவும் இவை இடமளிக்கின்றன. ஆயினும் எழுதியவரின் பெயரும் உரிம வாசகமும் உடனிருக்க வேண்டும் என்ற நிபந்தனை இவற்றிலும் உண்டு.

நம் மார்க்கத் துறையிலேயே ஓர் உதாரணம் சொல்லலாம். 2007இல் தொடங்கப்பட்ட 'தன்ஸீல்' என்னும் திட்டம், திருக்குர்ஆனின் அரபு மூலத்தைப் பிழைநீக்கிக் கணினி வடிவில் எல்லோருக்கும் வழங்கி வருகிறது. யாரும் படியெடுக்கலாம், தம் செயலியில் சேர்க்கலாம். ஆனால் எழுத்தில் எந்த மாற்றமும் செய்யக் கூடாது. எங்கிருந்து பெறப்பட்டது என்பதையும் குறிப்பிட வேண்டும். இந்த நிபந்தனையின் அவசியத்தை முஸ்லிம்களாகிய நமக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

வக்ஃபுக்கு ஒப்பிடலாமா?

இவ்வுரிமத்தைப் படிக்கும்போது வக்ஃபு நினைவுக்கு வருவது இயல்பே. உமர் (ரலி) அவர்கள் கைபரில் தமக்குக் கிடைத்த நிலத்தைப் பற்றி நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் ஆலோசனை கேட்டார்கள். அதன்படி, அந்நிலத்தை விற்கவோ நன்கொடையாக அளிக்கவோ வாரிசுரிமையாகப் பெறவோ கூடாது என்றும், அதன் விளைச்சல் ஏழைகளுக்கும் உறவினர்க்கும் வழிப்போக்கர்க்கும் உரியது என்றும் நிபந்தனை விதித்து அறமாக்கினார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் இச்செய்தி பதிவாகியுள்ளது. பயன் அனைவருக்கும், தனிவுடைமை எவருக்கும் இல்லை என்ற நோக்கில் இரண்டும் ஒத்திருக்கின்றன.

ஆனால் ஒப்புமையை அளவுக்கு மீறி இழுக்கலாகாது. வக்ஃபு செய்த பொருள் கொடுத்தவரின் உடைமையிலிருந்து விலகி அல்லாஹ்வுக்கே உரியதாகிவிடுகிறது என்பது ஷாஃபிஈ மத்ஹபின் முடிவு. கட்டற்ற மென்பொருளிலோ எழுதியவர் தம் பதிப்புரிமையைக் கைவிடுவதில்லை. அதைத் தம்மிடமே வைத்துக்கொண்டு, நிபந்தனையோடு கூடிய அனுமதியைப் பிறருக்கு அளிக்கிறார். எனவே ஃபிக்ஹு கித்தாபுகளில் இதற்கு நெருக்கமான பாடத்தைத் தேடினால் 'ஆரியத்' எனப்படும் இரவல் பற்றிய பாடத்தில் கிடைக்கும். ஒருவர் குறிப்பிட்ட ஓர் ஊருக்குப் போய்வரக் குதிரையை இரவல் வாங்குகிறார். அவ்வூரைத் தாண்டி ஓட்டிச் செல்கிறார். எல்லையைத் தாண்டிய அந்த நொடியிலிருந்து அவர் இரவல் பெற்றவர் அல்லர், அத்துமீறியவர். குதிரைக்கு நேரும் சேதத்திற்கும் அவரே பொறுப்பாளி.

இந்தக் குதிரையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் வழக்கைப் புரிந்துகொள்ள அது உதவும்.

'எழுத்துக்கும் நிரலுக்கும் உடைமை என்று ஒன்று உண்டா?' என்று கேட்போரும் உளர். 1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி, நூலாசிரியரின் உரிமையும் கண்டுபிடிப்பாளரின் உரிமையும் மார்க்கத்தால் பாதுகாக்கப்பட்டவை, அவற்றில் அத்துமீறக் கூடாது என்று தீர்மானித்தது. நம் நாட்டின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டமும் கணினி நிரல்களை இலக்கியப் படைப்புகளோடு சேர்த்தே பாதுகாக்கிறது.

ஜெர்மனியில் கிடைத்த முதல் தீர்ப்பு

நீண்ட காலம் இந்த உரிமம் நீதிமன்றத்தின் வாசலையே மிதிக்கவில்லை. தவறு செய்த நிறுவனங்கள் கடிதம் கண்டதும் திருத்திக்கொண்டன. 'வழக்கென்று வந்தால் இது செல்லுமா?' என்ற ஐயம் மட்டும் இருந்துகொண்டேயிருந்தது.

2004இல் ஹரால்ட் வெல்ட்டே என்னும் ஜெர்மானிய நிரலாளர் அந்த ஐயத்தைப் போக்கினார். லினக்ஸில் உள்ள 'நெட்ஃபில்டர்' என்ற பகுதியை எழுதியவர்களில் அவரும் ஒருவர். சைட்காம் என்ற நிறுவனம் தன் ரவுட்டரில் அதைப் பயன்படுத்தியும் மூலநிரலைத் தரவில்லை. உரிம வாசகத்தையும் சேர்க்கவில்லை. மியூனிக் மாவட்ட நீதிமன்றம் அந்த ஆண்டு ஏப்ரலில் இடைக்காலத் தடை விதித்து, மே மாதத்தில் அதை உறுதி செய்தது. ஜி.பி.எல். உரிமத்தை ஒரு நீதிமன்றம் நிலைநிறுத்தியது அதுவே முதன்முறை எனப் போற்றப்படுகிறது. 2006இல் டி-லிங்க் நிறுவனத்துக்கு எதிராக ஃபிராங்ஃபர்ட் நீதிமன்றத்திலும் வெல்ட்டே வெற்றி பெற்றார்.

இத்தகைய வழக்குகளில் பிரதிவாதிகள் எழுப்பும் வாதம் ஒன்றுண்டு. 'இந்த உரிமமே சட்டப்படி செல்லாது' என்பார்கள். உரிமம் செல்லாதென்றால் என்ன ஆகும்? அந்த மென்பொருளைப் படியெடுக்கவும் விற்கவும் அவர்களுக்கு அனுமதி தந்தது அந்த உரிமம் ஒன்றுதானே! அது செல்லாவிட்டால் அனுமதியே இல்லாமல் பிறர் உடைமையை விற்றவர்களாக அவர்கள் நிற்பார்கள். நுனிக்கிளையில் அமர்ந்து அடிக்கிளையை வெட்டுவதற்கு ஒப்பான வாதம் அது.

பொம்மை ரயில் வழக்கு

சட்ட நுணுக்கம் முழுமையாக விவாதிக்கப்பட்டது அமெரிக்காவில்தான். அதுவும் பொம்மை ரயில் பற்றிய ஒரு வழக்கில்!

ராபர்ட் ஜேக்கப்சன் என்பவர் கலிபோர்னியாவின் பெர்க்லியில் இயற்பியல் பேராசிரியர். மாதிரி ரயில்களைக் கணினி மூலம் இயக்கும் மென்பொருளைப் பலருடன் சேர்ந்து உருவாக்கி, 'ஆர்ட்டிஸ்டிக் லைசென்ஸ்' என்னும் திறந்த உரிமத்தின்கீழ் வெளியிட்டிருந்தார். அதே துறையில் வணிகம் செய்த மேத்யூ காட்ஸர் என்பவர், தம் காப்புரிமையைக் காட்டி ஜேக்கப்சனிடம் 2 இலட்சம் டாலருக்கு மேல் கட்டணம் கேட்டார். ஆனால் காட்ஸரின் நிறுவன மென்பொருளிலேயே ஜேக்கப்சன் குழுவின் கோப்புகள் சில இருந்தன. எழுதியவர்களின் பெயரும் பதிப்புரிமை அறிவிப்பும் எடுக்கப்பட்டிருந்தன. எங்கிருந்து எடுக்கப்பட்டது, என்ன மாற்றம் செய்யப்பட்டது என்ற குறிப்பும் இல்லை.

வழக்கு வந்தது. இங்கே எழுந்த கேள்வி மிக முக்கியமானது. உரிமத்தில் சொல்லப்பட்டவை அனுமதியின் எல்லையைக் குறிக்கும் நிபந்தனைகளா? அல்லது அனுமதி பெற்றபின் கொடுத்த வெறும் வாக்குறுதிகளா? வாக்குறுதி எனில், மீறினால் ஒப்பந்த மீறல் மட்டுமே. அப்போது 'உமக்கு என்ன பண இழப்பு?' என்ற வினா எழும். காசே வாங்காமல் கொடுத்தவர் என்ன இழப்பைக் காட்டுவார்? நிபந்தனை எனில், மீறியவர் அனுமதியின் எல்லைக்கு வெளியே நிற்கிறார். அது பதிப்புரிமை அத்துமீறல். உடனடித் தடையாணை கேட்கலாம்.

2007இல் கீழ் நீதிமன்றம் ஜேக்கப்சனுக்குத் தடையாணை தர மறுத்தது. 2008 ஆகஸ்டில் ஃபெடரல் சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. உரிமத்தில் கண்டவை நிபந்தனைகளே என்றும், பணம் கைமாறவில்லை என்பதால் எழுதியவருக்குப் பொருளாதார நலன் ஏதுமில்லை என்று கருதிவிடக் கூடாது என்றும் அது தெளிவுபடுத்தியது. பெயரும் பெருமையும், பயன்படுத்துவோர் பெருகுவதும், அவர்கள் பிழை திருத்தித் திருப்பித் தருவதும் எழுதியவருக்குக் கிடைக்கும் பயன்களல்லவா? 2010இல் காட்ஸர் தரப்பு ஜேக்கப்சனுக்கு 1 இலட்சம் டாலர் தர இசைந்து வழக்கு சமரசத்தில் முடிந்தது.

இரவல் குதிரையை எல்லை தாண்டி ஓட்டியவருக்கு நம் ஃபுகஹாக்கள் சொன்ன சட்டமும், வாஷிங்டன் நகரத்து நீதிபதிகள் கண்ட முடிவும் ஒரே திசையில் செல்வதைப் பார்க்கிறீர்கள் அல்லவா?

தர்மத்துக்குப் போன தொலைக்காட்சிகள்

'பிஸிபாக்ஸ்' என்றொரு மென்பொருள் உண்டு. கணினிக்கு வேண்டிய சிறுசிறு கருவிகள் பலவற்றை, நம் வீட்டு அஞ்சறைப் பெட்டியைப் போல ஒரே இடத்தில் அடக்கிய நிரல் அது. அளவில் சிறியதாதலால் ரவுட்டரிலும் தொலைக்காட்சியிலும் எளிதில் அடங்கிவிடும். 2007 செப்டம்பரில் அதன் ஆசிரியர் இருவர் மான்சூன் மல்டிமீடியா என்ற நிறுவனத்தின் மீது தொடுத்ததே அமெரிக்காவில் ஜி.பி.எல். உரிமத்தை நிலைநாட்டத் தொடரப்பட்ட முதல் வழக்கு. அடுத்த மாதமே சமரசமாயிற்று.

2009 டிசம்பரில் 14 நிறுவனங்கள் மீது ஒருசேர வழக்குத் தொடரப்பட்டது. அவற்றுள் ஒன்றான வெஸ்டிங்ஹவுஸ் டிஜிட்டல் எலெக்ட்ரானிக்ஸ் வழக்கை எதிர்கொள்ளாமல் விட்டது. 2010இல் நியூயார்க் நீதிமன்றம், வேண்டுமென்றே செய்த மீறல் எனக் கண்டு 30,000 டாலர் இழப்பீட்டை மும்மடங்காக்கி 90,000 டாலராக விதித்தது. வழக்குச் செலவு தனி. அந்த மென்பொருள் அடங்கிய, கைவசமிருந்த தொலைக்காட்சிப் பெட்டிகளையும் வாதிகளிடம் ஒப்படைக்க ஆணையிட்டது. வாதிகள் அவற்றைத் தர்ம காரியங்களுக்கு வழங்குவதற்காகவே கேட்டிருந்தனர்.

சிஸ்கோவின் கதை வேறு விதம். 2003இல் அது லிங்க்ஸிஸ் நிறுவனத்தை ஏறத்தாழ 50 கோடி டாலர் மதிப்பில் வாங்கியது. லிங்க்ஸிஸின் புகழ்பெற்ற ரவுட்டரில் லினக்ஸ் இருப்பதை நிரலாளர்கள் கண்டறிந்து கேட்டனர். அவ்வாண்டே மூலநிரல் வெளியிடப்பட்டது. அதை அடிப்படையாகக் கொண்டு தன்னார்வலர்கள் உருவாக்கிய 'ஓப்பன்டபிள்யூஆர்டி' இன்றும் உலகெங்கும் பயன்படுகிறது. ஆயினும் பிற பொருள்களில் குறைகள் தொடர்வதாகக் கூறி 2008 டிசம்பரில் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை வழக்குத் தொடுத்தது. 2009 மே மாதம் சமரசம் ஏற்பட்டது. உரிமங்களைக் கண்காணிக்கத் தனி அதிகாரி ஒருவரை நியமிக்கவும், முன்பு வாங்கியவர்களுக்கு அவர்தம் உரிமையைத் தெரிவிக்கவும், அறக்கட்டளைக்கு ஒரு தொகை வழங்கவும் சிஸ்கோ ஒப்புக்கொண்டது. ஒரு நிறுவனம் மறைத்து வைத்திருந்தால் வீணாகியிருக்கும் நிரல், வெளியே வந்ததும் எத்தனை பேருக்குப் பயன்பட்டது என்பதை இதிலிருந்து அறியலாம்.

பதின்மூன்று ஆண்டுப் பொறுமை

பிரான்சில் ஆன்த்ரூவேர் என்னும் சிறு நிறுவனம் 'லாஸ்ஸோ' என்ற மென்பொருளை ஜி.பி.எல். உரிமத்தில் வெளியிட்டிருந்தது. தொலைத்தொடர்புப் பெருநிறுவனமான ஆரஞ்ச், அரசு இணையவாயில் ஒன்றுக்கான பணியில் அதைப் பயன்படுத்தியது. உரிம நிபந்தனைகளைக் கடைப்பிடிக்கவில்லை. 2011இல் வழக்குத் தொடரப்பட்டது. 2021இல் பாரிஸ் மேல்முறையீட்டு நீதிமன்றம், இது ஒப்பந்த மீறல் மட்டுமே, பதிப்புரிமை மீறலன்று எனக் கூறிவிட்டது. பொம்மை ரயில் வழக்கில் எழுந்த அதே கேள்வி! 2022 அக்டோபரில் நாட்டின் உச்ச நீதிமன்றம் அதை ரத்துச் செய்தது. 2024 பிப்ரவரி 14 அன்று பாரிஸ் மேல்முறையீட்டு நீதிமன்றம் மொத்தம் 8 இலட்சம் யூரோ இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தது. சிறியவருக்கு நியாயம் கிடைக்க ஏறத்தாழ 13 ஆண்டுகள் ஆயின.

வழக்காட யாருக்கு உரிமை?

எல்லா வழக்கும் வெற்றியில் முடியவில்லை. லினக்ஸ் நிரலாளர் கிறிஸ்டோஃப் ஹெல்விக், விஎம்வேர் நிறுவனத்தின் மீது 2015இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் வழக்குத் தொடுத்தார். ஆயிரக்கணக்கானோர் சேர்ந்து எழுதிய லினக்ஸில் தாம் எழுதிய வரிகள் எவை, அவை பிரதிவாதியின் பொருளில் எங்கே உள்ளன என்பதை அவர் போதிய அளவில் நிரூபிக்கவில்லை என்று 2016இல் வழக்கு தள்ளுபடியாயிற்று. 2019இல் மேல்முறையீடும் அவ்வாறே முடிந்தது. அதன்பின், சர்ச்சைக்குள்ளான பகுதியைத் தன் பொருளிலிருந்து நீக்குவதாக விஎம்வேர் அறிவித்தது. வாதாடுபவர் மீதே ஆதாரம் காட்டும் பொறுப்பு என்னும் நம் மார்க்க விதி இங்கும் நின்றது. ஊர் கூடிச் செய்த பொருளில் ஒருவரின் பங்கைப் பிரித்துக் காட்டுவது எவ்வளவு கடினம்!

அப்படியானால் எழுதியவர் மட்டுமே கேட்கலாமா? பொருளை வாங்கியவர் கேட்கக் கூடாதா? வக்ஃபுச் சொத்தில் முத்தவல்லி முறைகேடு செய்தால், அந்த வக்ஃபின் பயனுக்கு உரியவர்களும் கேட்கலாம் என்பது நாமறிந்தது. இதே கேள்வியை 'சாஃப்ட்வேர் ஃப்ரீடம் கன்சர்வன்சி' என்னும் அமெரிக்க அமைப்பு நீதிமன்றத்தில் வைத்தது. விஸியோ நிறுவனத்தின் தொலைக்காட்சிகளை விலைக்கு வாங்கிய அது, மூலநிரல் கேட்டும் முழுமையாகக் கிடைக்கவில்லை என்று 2021 அக்டோபரில் கலிபோர்னியாவில் வழக்குத் தொடுத்தது. அது பணம் கேட்கவில்லை. மூலநிரலை மட்டுமே கேட்டது. 'இது பதிப்புரிமை விவகாரம். வாங்கியவர் கேட்க முடியாது' என்று விஸியோ வாதிட்டது. வழக்கைத் தொடக்கத்திலேயே முடித்துவிட அது செய்த முயற்சியை 2023 டிசம்பரில் நீதிமன்றம் ஏற்கவில்லை. வாங்கிய சாமானியருக்கும் கேட்கும் உரிமை உண்டு என்ற வாதத்திற்கு விசாரணையில் இடம் கிடைத்தது.

உரிமை கேட்பதிலும் ஒழுங்கு வேண்டும்

தம் ஹக்கைக் கேட்பவரும் வரம்பு மீறலாம். நெட்ஃபில்டர் குழுவில் முக்கியப் பங்காற்றிய ஒருவர், ஜெர்மனியில் பல நிறுவனங்கள் மீது தனித்து நடவடிக்கை எடுத்து, சொந்த ஆதாயத்திற்காகப் பணம் பெறுகிறார் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. அந்தக் குழுவே 2016இல் அவரை இடைநீக்கம் செய்தது.

இதற்குச் சற்று முன்னதாகவே, 2015இல் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையும் கன்சர்வன்சி அமைப்பும் சில நெறிகளை வெளியிட்டிருந்தன. நோக்கம் நிபந்தனை நிறைவேறுவதே. பண ஆதாயம் முதன்மையாகக் கூடாது. வழக்கு என்பது கடைசி வழி என்பன அவற்றின் சாரம். ஜி.பி.எல். இரண்டாம் பதிப்பில், நிபந்தனையை மீறியவுடன் அனுமதி தானாகவே அற்றுப்போகும் என்ற கடுமையான விதி உண்டு. மூன்றாம் பதிப்பு அதைத் தளர்த்தி, முதன்முறை தவறியவர் அறிவிப்பு பெற்ற 30 நாள்களுக்குள் திருத்திக்கொண்டால் அனுமதி மீண்டும் கிடைக்கும் என்றாக்கியது. 2017இல் ரெட் ஹேட், ஐ.பி.எம்., கூகுள், ஃபேஸ்புக் ஆகியவை, தங்கள் உரிமைக்குட்பட்ட இரண்டாம் பதிப்பு மென்பொருள்களுக்கும் இந்த அவகாசத்தைத் தருவதாக அறிவித்தன.

கடன்பட்டவர் சிரமத்தில் இருந்தால் வசதி வரும்வரை அவகாசம் கொடுக்குமாறு அல்பகரா அத்தியாயம் நமக்குப் போதிக்கிறது. உரிமையை விட்டுவிடச் சொல்லவில்லை. கேட்கும் முறையைச் சொல்லித் தருகிறது.

நம் வீடுகளுக்கு இதில் என்ன பாடம்?

அல்மாயிதா அத்தியாயத்தின் முதல் வசனமே ஒப்பந்தங்களை நிறைவேற்றுமாறு இறைநம்பிக்கையாளர்களுக்குக் கட்டளையிடுகிறது. முஸ்லிம்கள் தாம் ஏற்ற நிபந்தனைகளின் மீது நிலைத்திருப்பவர்கள். ஹராமை ஹலாலாக்குவதும் ஹலாலை ஹராமாக்குவதும் மட்டுமே விலக்கு என்ற கருத்தில் திர்மிதீயில் ஹதீஸ் வந்துள்ளது. இவ்விரண்டையும் முன்வைத்துச் சில செய்திகளைக் கூற விரும்புகிறேன்.

1. மென்பொருள் துறையில் இருக்கும் இளைஞர்களே, சகோதரிகளே! இணையத்தில் கிடைத்த நிரலை உங்கள் நிறுவனப் பணியில் சேர்க்குமுன் அதன் உரிமக் கோப்பைத் திறந்து படியுங்கள். 'எல்லோரும்தான் செய்கிறார்கள்' என்பது மறுமையில் எடுபடும் விடையன்று. எதை எங்கிருந்து எடுத்தீர்கள் என்று எழுதி வையுங்கள். ஐயம் இருந்தால் மேலாளரிடம் எழுத்து மூலம் கேளுங்கள். பிறர் பெயரை அழித்துவிட்டுத் தம் பெயரை எழுதுவதை மட்டும் எக்காரணத்துக்காகவும் செய்யாதீர்கள்.

2. சிறுதொழில் செய்வோர், வெளியாரிடம் செயலி அல்லது கருவி செய்து வாங்கும்போது, அதிலுள்ள திறந்த மூல மென்பொருள்களின் பட்டியலையும் உரிமங்களையும் கேட்டு வாங்குங்கள். விற்பவர் நீங்கள் என்றால் பொறுப்பும் உங்களைச் சாரும்; செய்து கொடுத்தவரைக் கைகாட்டித் தப்ப முடியாது.

3. வீட்டிலும் மத்ரஸா அலுவலகத்திலும் கடையிலும் கணினி வைத்திருப்போர், விலை கொடுத்து வாங்க வேண்டிய மென்பொருளின் திருட்டுப் பிரதியைப் பயன்படுத்துவதை நிறுத்த வேண்டும். அறிந்தே அவ்வாறு பயன்படுத்துவது பதிப்புரிமைச் சட்டத்தின் 63-பி பிரிவின்படி குற்றம். லிப்ரே ஆஃபிஸ் போன்ற கட்டற்ற மென்பொருள்கள் ஹலாலாகவும் செலவின்றியும் கிடைக்கும்போது களவுப் பொருளில் பாடம் தட்டச்சு செய்வானேன்? நம் மாநில அரசு 2011இல் தொடங்கி வழங்கிய விலையில்லா மடிக்கணினிகளில் சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. கேரளத்து அரசுப் பள்ளிகள் பல ஆண்டுகளாகக் கட்டற்ற மென்பொருளில்தான் பாடம் நடத்துகின்றன. பழகினால் நம் பிள்ளைகளுக்கும் எளிதே.

4. பெற்றோர்களே! புத்தகத்தைத் திருடாதே என்று பிள்ளைக்குச் சொல்கிறோம். பிறர் எழுதிய நிரலும் பிறர் உழைப்பே என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். முகம் தெரியாத ஒருவர் இரவெல்லாம் விழித்து எழுதியதை உலகுக்குப் பொதுவாக்கி, 'என் பெயரை அழிக்காதே; உனக்குக் கிடைத்ததை அடுத்தவருக்கும் மறைக்காதே' என்று மட்டும் கேட்கிறார். இது பெரிய கோரிக்கையா?

வழக்கு மன்றத்தில் தப்பியவர் பலர் உண்டு. வரிகளைப் பிரித்துக் காட்ட முடியாததால் வாதி தோற்கலாம்; வழக்குச் செலவுக்கு அஞ்சி ஏழை நிரலாளர் மௌனமாகலாம். ஆனால் அணுவளவும் மறைக்க முடியாத ஒரு மன்றத்தில் நாம் அனைவரும் நிற்க வேண்டியவர்கள். அங்கே பிறர் ஹக்கோடு போய் நிற்காத பாக்கியத்தை வல்ல அல்லாஹ் நமக்கும் நம் சந்ததியினருக்கும் அருள்வானாக! ஆமீன்.